இரண்டு மடங்கு விலையில் ஒரு செயின்சா

விலை கூடின செயின்சா வாங்கலாமா, நடுத்தரமே போதுமா என்று யாராவது ஃபோனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாபநாசம் சுற்றுவட்டாரத்தில் இரண்டையும் தேய்த்துப் பார்த்த வீடு எங்களுடையது என்று பெயர் வந்துவிட்டது. பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், பிளேடு எத்தனை அங்குலம், தென்னையை அறுக்குமா, தேக்கை அறுக்குமா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன். பிடிக்கப்போவது யார் கை?

என் வீட்டுக்காரர் மரம் அறுக்கிறவர். புயல் வந்து தென்னைகளைத் தோப்புத் தோப்பாகப் படுக்கவைத்த வருஷம் அந்தத் தொழிலுக்குப் போனார். அதுவரை நடவுக்கும் அறுப்புக்கும் வரப்பு வெட்டவும் போனவர். விழுந்த தென்னையை வீட்டு வாசலிலிருந்து அகற்ற ஊரே ஆள் தேடியபோது, ஒரு நடுத்தர மெஷினை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தென்னை முடிந்தது. பிறகு வாய்க்கால் கரையில் கருவேலம், சூளைக்கு விறகு, வீடு கட்டுகிறவர்களின் மனையில் பூவரசு, சாலையோரம் சாய்ந்த தூங்குமூஞ்சி. வேலைக்குக் குறைவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஓடுவதற்கென்று செய்த மெஷினை அவர் ஒரே நாளில் ஏழு மணி நேரம் ஓட்டினார். மெஷின் தாங்கியது. அதுதான் எங்களை ஏமாற்றியது. மெஷின் தாங்கினால் ஆளும் தாங்குகிறான் என்று நினைத்துவிட்டோம்.

ஒரு மார்கழிக் காலையில் சட்டைப் பட்டனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"தையக்காரன் ஓட்டைய சின்னதா போட்டுட்டான்" என்றார்.

அந்தச் சட்டைக்கு வயது நான்கு.

அதன் பிறகு கவனித்தேன். சோற்றில் ரசத்தைக் குளம் கட்டி, பிசையாமல் அள்ளிக் குடிப்பதுபோலச் சாப்பிட்டார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார். பனி இறங்கும் காலையில் அவர் விரல் நுனிகள் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தாற்போல வெளுத்திருந்தன. கேட்டால் பனி என்றார். ஒருநாள் அவர் வாய்க்காலில் தண்ணீர் வராத கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அவர் மோதிர விரலை நகம் பதியக் கிள்ளினேன்.

அவர் வாய்க்கால் கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரில் டாக்டரிடம் போனோம். விரலை அமுக்கினார், விட்டார், ஊசி முனையால் தொட்டார். "மெஷின் அதிருதுல்ல, அந்த அதிர்வு தினமும் கைக்குள்ள போயிட்டே இருக்கு. நரம்பும் ரத்தக் குழாயும் அடிவாங்கிடுச்சு. மெஷின விட்டுடுங்க" என்றார்.

"விட்டுட்டு?" என்றார் இவர்.

டாக்டர் மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். கடைசியில், விட முடியாவிட்டால் அதிர்வு குறைந்த மெஷின், குறைந்த நேரம், கையைச் சூடாக வைத்துக்கொள்வது என்றார். "போன உணர்ச்சி முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது. இருக்கறத காப்பாத்திக்குங்க."

இருக்கிறதைக் காப்பாற்ற நாங்கள் கடைக்குப் போனோம். கூட என் அண்ணன் வந்தார். சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். உலகத்தில் எந்த மெஷினைக் காட்டினாலும் அதை அங்கே பார்த்திருப்பார்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "வீட்டுத் தோட்டத்துக்காம்மா?" என்றார்.

"தொழிலுக்கு."

"அப்ப இது எடுத்துக்குங்க, நடுத்தரம். டெல்டாவுல எல்லாரும் இதான் ஓட்டுறாங்க. அந்தப் பெரிய ரகம் எஸ்டேட்டுக்கு, காட்டு வேலைக்கு. வெலை ரெண்டு மடங்கு. உங்களுக்கு இது போதும்மா."

"கேட்டுக்க பாப்பா" என்றார் அண்ணன். "நான் சிங்கப்பூர்ல பாக்காததா? புரொஃபஷனல்ங்கறது ஸ்டிக்கர்ல இருக்கு. மரத்த அறுக்குறது செயினு. செயினு ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

செயின் விஷயத்தில் அவர் சொன்னது உண்மை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் கடைக்காரர் சொன்ன வார்த்தையில் எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது.

போதும். இந்த ஒரு படியை வைத்துத்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் அளந்தார்கள். என் தாத்தா பண்ணையில் சேற்றில் நின்றபோது கூலியாக இவ்வளவு நெல் போதும். என் அப்பாவுக்கு மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் மனைக்கட்டு போதும். எனக்குப் பத்தாவது போதும், மேலே படித்து என்ன செய்யப்போகிறாய். பந்தியில் எங்கள் வரிசைக்கு வரும்போது கரண்டி கொஞ்சம் சாயும், போதும். அளக்கிறவர்களின் கை எப்போதும் இதமாக இருக்கும், குரலும் இதமாக இருக்கும். நம்முடைய நன்மைக்காகச் சொல்கிறாற்போலவே இருக்கும். கடைக்காரர் நல்ல மனுஷர்தான். இருந்தும் அந்த வார்த்தை எந்த வாயிலிருந்து வந்தாலும் எனக்கு ஒரே நாற்றம் அடிக்கிறது.

"ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றேன்.

"அவரு பாத்துக்குவாரும்மா."

"அவருக்குக் கை மரத்துப் போயிருக்கு. அவரால சொல்ல முடியாது. நான் பிடிச்சுப் பாக்குறேன்."

கடைக்குப் பின்னால் ஒரு வேப்பங்கட்டை கிடந்தது. முதலில் நடுத்தரம். முன்கைப்பிடியில் என் இடது கையை வைத்தேன். அன்றைக்குக் கண்ணாடி வளையல் போட்டிருந்தேன், ஆறு. கட்டையில் செயின் இறங்கியதும் ஆறு வளையலும் பேய் பிடித்தாற்போல ஆடின. ஒன்று நொறுங்கிக் காலடியில் விழுந்தது. நிறுத்திவிட்டுப் பெரிய ரகத்தை எடுத்தேன். சத்தம் இன்னும் கூடுதல், வேகமும் கூடுதல், வெண்ணெயில் இறங்குகிறாற்போல இறங்கியது. மீதி ஐந்து வளையலும் லேசாக நடுங்கிக்கொண்டு, ஒன்றோடொன்று முட்டாமல் கிடந்தன.

கடைக்காரர் அதைப் பார்த்தார். அதுவரை விற்றவர் அப்போதுதான் பேச ஆரம்பித்தார். பெரிய ரகத்தில் கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஸ்பிரிங் இருக்கிறதாம், மற்றதில் ரப்பர், வெயிலிலும் சூட்டிலும் அது கல்லாகிவிடுமாம். இன்ஜின் கூடு உலோகம். கழற்றிப் பாகம் பாகமாக மாற்றலாம். அதே சக்திக்கு எடையும் குறைவு.

"வளையலுக்கா இவ்ளோ காசு?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே. வளையலுக்குத்தான்."

சீட்டு எடுத்த பணம் போயிற்று. மெஷின் வந்தது.

வந்த மெஷினுக்குப் பூசை போடாமல் விடுவாரா அண்ணன். மறுநாள் காலையில் ஒரு பெரிய வெள்ளைப் பூசணியோடு வந்து இறங்கினார். கடை திறந்தாலும் வண்டி வாங்கினாலும் செய்வதுதான். பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமம் கொட்டி, சில்லறை போட்டு மூடி, சுற்றி, நடுரோட்டில் உடைப்பது. அவருக்கு அன்று புது யோசனை வந்தது.

"அறுக்குற மெஷினுக்கு அறுத்துத்தான் திருஷ்டி கழிக்கணும், மாப்ள."

"வேணாம் மச்சான், ஒடச்சிடுவோம்" என்றார் இவர்.

"சும்மா இருங்க. சிங்கப்பூர்ல..."

தெருவே கூடி நின்றது. அண்ணன் மெஷினை முடுக்கி, பூசணியின் நடு வயிற்றில் இறக்கினார். குங்குமம் கலந்த சாறு எல்லார் முகத்திலும் வேட்டியிலும் பீய்ச்சியடித்தது. அடுத்த நொடி ஒரு சத்தம், பல் கூசும் சத்தம். உள்ளே போட்ட சில்லறையை அவரே மறந்துபோயிருந்தார். ஐந்து ரூபாய்க் காசு ஒன்று பறந்துபோய் எதிர்வீட்டுத் தகரத்தில் டங்கென்று மோதியது. நிறுத்திப் பார்த்தால் புத்தம் புது செயினில் நான்கு பல் மூக்கு உடைந்திருந்தது.

எதிர்வீட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னாடி இது, இம்மாம் வெல குடுத்து வாங்குனது ஒரு பூசணிக்காய்க்கே தோத்துப்போச்சு!"

"ராசி இல்லாத மெஷினு. ஆரம்பமே ரத்தக்களறி" என்று யாரோ சொன்னார்கள்.

அண்ணன் செக்கச்செவேலென்று நின்றார். "காசு பட்டா எந்த மெஷினா இருந்தாலும் பல்லு போகத்தான் செய்யும்."

"அதத்தானண்ணே கடையிலயும் சொன்னீங்க, செயினு ரெண்டுக்கும் ஒண்ணுதான்னு."

இவர் சிரித்தார். முகமெல்லாம் குங்குமம், பல் மட்டும் வெள்ளை. பல மாதங்களுக்குப் பிறகு அப்படிச் சிரித்தார்.

அந்த நான்கு பல்லால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. உருண்டை அரம் ஒன்றை வாங்கி, ஃபோனில் பார்த்துப் பார்த்து, பல் தீட்டக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு, ஒரே சாய்வில், உள்ளிருந்து வெளியே. அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. மொண்ணைச் செயினைப் போட்டு அழுத்தினால் இரண்டு மடங்கு விலை மெஷினும் கையைக் குலுக்கி எடுக்கும். இத்தனை வருஷமாக இவர் மொண்ணைச் செயினோடுதான் அறுத்திருக்கிறார். விரல் மரத்தவர் அரத்தைப் பிடிப்பது எப்படி? அதையும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்கிறேன்: தீட்டத் தெரியாத வீட்டுக்குப் பெரிய ரகம் வீண். தென்னைப் பட்டையில் மண் இருக்கும், செயினைத் தரையில் தொடவிட்டால் அதோடு போச்சு. எந்த விலையும் அதைக் காப்பாற்றாது.

இன்னொரு நேர்மையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தை மாதம் அந்தப் பெரிய மெஷின் நின்றுபோனது. சின்னப் பாகம் ஒன்று, ஆனால் உள்ளூரில் கிடைக்காது, வரவழைக்கப் பத்து நாள். நடுத்தரத்துக்கு எல்லாப் பாகமும் பாபநாசம் கடைத்தெருவிலேயே தொங்கும். பழைய மெஷினை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் காலையில் விரல்கள் மறுபடி சுண்ணாம்பாகியிருந்தன.

அன்றைக்குத் திருவையாற்றுச் சாலையில் ஒரு பெரிய வீட்டுக்காரரின் களத்தில் விழுந்த மாமரத்தை அறுக்க ஒப்புக்கொண்டிருந்தோம். நானும் கூடப் போனேன். மெஷினை அவர் தோளிலிருந்து இறக்கி என் காலடியில் வைத்தேன்.

"பாகம் வரட்டுங்க. ஒரு வாரம் கழிச்சு அறுத்துத் தர்றோம்" என்றேன்.

"அதான் ஒண்ணு கொண்டாந்திருக்கீங்களே. இந்த மரத்துக்கு அது போதுமே" என்றார் பெரியவர், நாற்காலியில் இருந்தபடி.

"மரத்துக்குப் போதுங்க. இவரு கைக்குப் போதாது."

"கையா?" அவர் நிஜமாகவே விளங்காமல் இவர் கைகளைப் பார்த்தார். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேற ஆளக் கூப்புட்டுக்கவா?"

"கூப்புட்டுக்கங்க."

கூப்பிட்டுக்கொண்டார். வேலை போயிற்று. வரும் வழியில் இவர் பைக்கை ஒரு மதகடியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"என் வேலைய நிறுத்த நீ யாரு? நாலு பேரு முன்னாடி கை வெளங்காதவன்னு சொல்லிட்ட."

"வெளங்காமப் போயிடக் கூடாதுன்னு சொன்னேன்."

"வேலை இல்லாம கைய வச்சுக்கிட்டு என்ன செய்ய? ஃபிரேம் போட்டு மாட்டவா?"

எனக்கும் கோபம். "பாதி நாள் நீங்க. பாதி நாள் நான். எனக்கு நல்ல கை ரெண்டு இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. மதகின் கீழே தண்ணீர் இரைந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, "பொம்பள மரம் அறுத்தா ஊரு சிரிக்கும்" என்றார்.

"பூசணி அறுத்தப்பவே சிரிச்சாச்சு."

பாகம் வந்தது. நான் பிடித்தேன். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, உள்ளே பேண்ட், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். முதல் கிளை அறுந்து விழுந்ததும் அடுத்ததில் செயினை இறக்கினேன். ஊர் சிரித்தது. ஒரு மாதம் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அவர் விரல்கள் திரும்பி வந்தனவா என்று கேட்பார்கள். முழுக்க வரவில்லை. இடது கையில் இரண்டு விரல் இன்னும் ஊமைதான். ஆனால் மரப்பு அதற்கு மேல் ஏறவில்லை, மூன்றாவதை அது தொடவில்லை. அதற்காகத்தான் இரண்டு மடங்கு. மூன்றாவது விரலின் விலை எந்தக் கடையில் எழுதித் தொங்குகிறது?

இப்போது ஆளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் நான்கு. அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. மெஷின் நாள் முழுக்க ஓடக்கூடியதுதான். அண்ணனுக்கு அது தாங்கவில்லை.

"நாளெல்லாம் ஓடுற மெஷின ரெண்டு மடங்கு வெலைக்கு வாங்கி, பாதி நேரம் ஓட்டுறீங்களே பாப்பா, இது எந்த ஊரு கணக்கு?"

"எங்க வீட்டுக் கணக்குண்ணே."

போன வாரம் ஒரு சூளைக்காரர், இன்னும் இரண்டு கட்டைதானே, முடித்துவிட்டுப் போங்கள் என்றார். இவர் மெஷினை நிறுத்தி, பிளேடுக்கு உறை மாட்டி, நிழலில் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். சூளைக்காரர் என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொன்னார்: "நேரமாச்சுங்க. நாளைக்கு."