நெறைஞ்சிருக்கு என்று எழுதினேன்

பட்டியல் வாசித்த அன்று சமுதாயக்கூடத்தில் இருந்தவர்கள்: ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த மேடம், பக்கத்து வீட்டு அத்தை, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏழு தள்ளுவண்டிகளை வாடகைக்கு விடுகிற எங்கள் ஊர்க்காரர், இன்னும் ஒரு நாற்பது பேர், நோட்டும் பேனாவுமாக நான். இல்லாதவள் என் அம்மா. அந்த ஏழு வண்டிகளில் ஒன்றில்தான் அவள் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுவந்தாள். ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது நின்றுவிடுவார்கள். "நீதான் இருக்கியே, நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

ஊரிலேயே மிக ஏழையான ஒன்பது வீடுகளின் பட்டியல் அது. அதில் வருகிற வீட்டுக்குச் சுயதொழில் மானியம் உண்டு. அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு சொந்தத் தள்ளுவண்டி. வெல்டிங் கடையில் விலை விசாரித்து, மேலே தகரக் கூரை வேண்டும் என்பதுவரை சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தாள்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பி.ஏ. பொருளியல். வேலைவாய்ப்புக் கொள்கையும் வறுமை ஒழிப்பும் என்ற கேள்விக்கு நான் எழுதிய ஆறு பக்கங்களைப் பேராசிரியர் வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறார். அதனால் வீடுவீடாகக் கணக்கெடுக்க ஊரில் ஓர் ஆள் தேவைப்பட்டபோது என்னைக் கூப்பிட்டார்கள். பத்து நாள் தினக்கூலி. மேடம் சொன்ன விதி ஒன்றுதான்: "அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதணும் தம்பி. நம்ம சரக்க சேக்கக் கூடாது."

எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மாதக் கடைசி. ரேஷன் அரிசி தீர்ந்து, அடுத்தது வாங்காத நாட்கள். முதலில் அத்தை வீடு. புருஷன் இல்லாதவர், மல்லாட்டை உடைக்கக் கூலிக்குப் போகிறவர். விளக்கேற்றிக்கொண்டிருந்தார். "வீட்டில் எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது?" என்ற கேள்வியைப் படித்தேன்.

"நெறைஞ்சிருக்கு தம்பி" என்றார்.

பானை காலியானால் எங்கள் பக்கம் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் இல்லாமலே போய்விடும். அதிலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வார்த்தை யார் வாயிலும் வராது. நெறைஞ்சிருக்கு என்றால் ஒரு மணி அரிசி இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். மேடம் பக்கத்தில் நின்றிருந்தார். விதிப்படி வேலை செய்கிறவன் என்று அவர் நினைக்கவேண்டும் என்பது எனக்கு அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது. 'பதினைந்து நாளுக்கு மேல்' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டேன்.

அடுத்தது எங்கள் வீடு. அதிகாரியோடு, கழுத்தில் அட்டை தொங்க, பிள்ளை வந்து நிற்கிறான். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே கேள்வியைக் கேட்டேன்.

"நெறைஞ்சிருக்குங்க மேடம். உக்காருங்க, டீ வெக்கிறேன்."

சர்க்கரையும் அன்று நெறைஞ்சுதான் இருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினாள். நான் இரண்டாவது டிக்கைப் போட்டேன்.

தெருமுனைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். "மேடம், எங்க பக்கம் அரிசி தீந்துபோனா..."

"தெரியும் தம்பி. எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க." டேப்லெட்டை மூடாமலே சொன்னார். "முத வீட்டுல நீ ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது வீட்டுக்குச் சொல்ற. மாத்தணும்னா கூட்டத்துல எழுந்து சொல்லு. ஜனங்க ஒத்துக்கினா மாத்துறேன்."

அத்தை வீட்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. இருப்பது ஒன்பது இடம்தான் என்பதும் கூடவே தோன்றியது.

கூட்டத்தில் எட்டு வீடுகள்வரை யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாவதாக வேறு தெருவிலுள்ள ஒரு வீட்டை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று மேடம் கேட்டதும் எழுந்தேன். நெறைஞ்சிருக்கு என்றால் என்ன என்று விளக்கினேன். எங்கள் வீட்டில் அன்று உலையே வைக்கவில்லை என்றேன். அதைச் சொல்ல நான் எவ்வளவு கூசினேனோ அவ்வளவுக்குச் சிரித்தார்கள்.

வண்டிக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "டேய், டிகிரி படிச்சவன் வூடு ஏழை வூடுன்னா, கைநாட்டு வெக்கிற நாங்கள்லாம் இன்னாடா, பிச்சைக்காரங்களா? உங்கம்மா என் வண்டில நின்னுக்கினு எவ்ளோ விக்கிதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பேன்ட்டுல இஸ்திரி மடிப்பைப் பாருய்யா, ஏழைக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் அத்தை எழுந்தார். கத்தவில்லை. "ஏன் தம்பி, நானுந்தான நெறைஞ்சிருக்குன்னு சொன்னேன். அன்னிக்கு உனக்குத் தமிழ் தெரியலியா?"

சிரிப்பு நின்றது. மேடம் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு தம்பி. அவங்க வீட்டுல அன்னிக்கு அரிசி இருந்துச்சா?"

இல்லை என்று சொன்னால் அந்த இடம் அத்தைக்குப் போகும். எங்கள் வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கக் கூடியவர்கள். அவர் தனி ஆள். ஆறு பக்கம் எழுதியவனுக்கு அது புரியாதா?

"தெரியாது மேடம்" என்றேன்.

"தெரியாதா? வியாழக்கெழம உங்கம்மாதான் அடிப்பானைய வழிச்சி எனக்கு நொய்யரிசி போட்டா. நீ பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருந்த."

"ரெண்டு வூடும் மாத்தி மாத்திக் குடுத்துக்குது, வாங்கிக்குது. இதுல எவன் ஏழை?" என்றார் வண்டிக்காரர். மறுபடி சிரிப்பு. கை தூக்கச் சொன்னார்கள். அத்தைக்கு நான்கு கைகள் எழுந்தன. எனக்கு என் கை மட்டும். ஒன்பதாவது வீடு இருந்தபடியே இருந்தது. தீர்மான நோட்டை மேடம் என் பக்கம் தள்ளினார். 'ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டு, பட்டியல் ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

விழுப்புரத்தில் திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில் அம்மாவோடு வரிசையில் நின்றேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஏகமனதாக ஏற்கப்பட்டதைத் திருத்த இயலாது என்று, ஆதாரமாகத் தீர்மானத்தின் நகலை இணைத்திருந்தார்கள். என் கையெழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருந்தது.

அத்தை அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எதிரில் பார்த்தால், "இன்னா தம்பி, நெறைஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நாங்கள் மனு கொடுத்த வாரமே வண்டிக்காரர் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "சொந்த வண்டி கேட்டவளுக்கு என் வண்டி எதுக்கு?" அம்மா கூடையில் மல்லாட்டையைச் சுமந்து பஸ்ஸுக்குப் பஸ் ஏறி விற்றாள். ஒரு கண்டக்டர் விசில் கொடுத்தபிறகு இறங்கச் சொல்லி, விழுந்து முழங்கால் பெயர்ந்தது. கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருந்தவள் என்னைத் திட்டவில்லை. கூரையைப் பார்த்தபடி, "நான் கைநாட்டு. என் கையால இந்த வூட்டுல எதுவும் போனதில்ல" என்றாள்.

கூடை தூக்க முடியாமல் போனதால் வண்டி இல்லாமல் முடியாது என்றானது. மகளிர் குழு மூலம் கடன் எடுத்தோம். படிவத்தை நான்தான் நிரப்பினேன். இந்தத் தடவை அம்மா ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொன்னாள். வண்டி பதினேழாயிரம். தகரக் கூரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வாரம் நானூற்று இருபது, ஐம்பத்திரண்டு வாரம். போன செவ்வாய்க்கிழமை கடைசித் தவணை கட்டினோம். மொத்தம் இருபத்தோராயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.