நான் வைத்த வேகம்

மில்லில் பதினெட்டு வருடமாக நைட் ஷிப்ட் ஃபிட்டராக இருப்பவனுக்குப் பகல் தூக்கம்தான் சொத்து. அதனால் மனைவி வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதும் எனக்கு அவளுடைய கம்ப்யூட்டர்மேல் எரிச்சல் வந்தது. வீடுகளுக்கு உள் அலங்காரப் படம் போடுகிறவள் அவள். படத்தை நிஜ அறைபோல ஆக்கிக் காட்ட அந்தப் பெட்டி மணிக்கணக்கில் ஓடும். உள்ளிருக்கும் விசிறிகள் ஒரேயடியாக இரையும். இருப்பதோ ஒரே படுக்கையறை; பெட்டியும் அதில்தான். ஒரு மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, "இது ஊடா, இன்னொரு மில்லா?" என்று கத்திவிட்டேன்.

மறுநாளே காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று, சூட்டைத் தானே பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இன்னொன்றில் விசிறிக்கு ஒரு குமிழ்; நாமே திருகிக்கொள்ள வேண்டும்.

"ஏனுங்க, தானா பாத்துக்கறதே வாங்கிக்கலாமுங்க. வேல ஓடறப்ப மட்டுந்தான சத்தம் வரும்," என்றாள்.

"மோட்டாரப் பத்தி எனக்கே சொல்லித் தாரியா?" என்றேன், கடைக்காரர் முன்னாலேயே. குமிழ் வைத்ததைத்தான் வாங்கினேன்.

சத்தத்தைக் கேட்டே பேரிங் போனதைச் சொல்கிறவன் நான். மெஷின் சத்தமில்லாமல் ஓடினால் நன்றாக ஓடுகிறது என்பது மில்லில் படித்த பாடம். கம்ப்யூட்டருக்கும் அதேதான் என்று நினைத்த மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல? எல்லாக் குமிழையும் சத்தம் அடங்கும்வரை குறைத்தேன். ஃபிட்டர் வைத்த செட்டிங்கில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது மில்லில் சட்டம். அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, "நான் வெச்சதத் தொடாத," என்று சொல்லிவைத்தேன்.

சித்திரை வெயில் கொளுத்திய நேரம், அவளுக்கு அன்னூர்ப் பக்கம் ஒரு புது வீட்டு வேலை வந்தது. யாருக்கும் கீழே இல்லாமல் தானாகப் பிடித்த முதல் வேலை. வீட்டுக்காரர்கள் நாலு மணிக்குப் படம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் அவள் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள், நான் படுத்தேன். மூன்றரைக்கு எழுந்து பார்த்தால், சூடு தாங்காமல் பெட்டி அப்போதுதான் தானாக அணைந்திருந்தது; அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தேன்.

மறுபடி முதலிலிருந்து ஓட்ட நேரமில்லை. வந்தவர்கள் அரைகுறைப் படத்தைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், "யோசிச்சுச் சொல்றோமுங்க," என்று எழுந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "சூடாகறது தெரியலையா அம்மணி?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதுங்க. கூட்டி வெக்கலாம்னு ரெண்டு தடவ கையக் கொண்டுபோனேன். சத்தத்துல எந்திரிச்சு நீங்க வையுவீங்கன்னு உட்டுப்போட்டேனுங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஓர் ஆபீஸில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாள். மனைவியை நல்லபடி வைத்திருக்கிறேன் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். தன் வேலை போனாலும் போகட்டும், இந்த மனுஷன் எழுந்துவிடக் கூடாது என்று அவள் என் பக்கத்திலேயே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.