காகத்துக்குச் சோறு, குளத்துக்குப் படம்

காலையில் ஒரு கவளம் சோற்றைக் கிணற்றடி மதிலில் வைத்துக் காகத்தைக் கூப்பிடுகிறார் பியாட்றிஸ். பரம்பரை மெதடிஸ்தக் கிறிஸ்தவ வீட்டில் இது நடக்கலாமா? "வேதக்காரி சைவத்துக்கு மாறியிட்டாள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குத் தீர்த்தமாடவும் போவாள், இருந்து பாருங்கோ" என்று உடுப்பிட்டியில் கதை கட்டிவிட்டவர் அடுத்த வளவுச் சீவரத்தினம் அண்ணை. அதை நாலு வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான். உண்மைக் கதையையும் நானே சொன்னால்தான் அழகு.

பியாட்றிஸின் தொழில் கலியாண வீடுகளில் படம் எடுப்பது. சின்ன ட்ரோன் ஒன்று வைத்திருக்கிறார். அதை ஏற்றுமுன் வானத்தைப் பார்க்க மாட்டார். பக்கத்து வீட்டு உடுப்புக் கொடியைத்தான் பார்ப்பார். சேலை அசைந்தால், "இண்டைக்கு ஏலாது" என்று பெட்டியை மூடிவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்.

கார்த்திகை மழை வந்தால் குளத்து வெள்ளம் அவருடைய குசினிக்குள் அடுப்பு மட்டத்துக்கு நிற்கும். குளத்தைச் சுற்றியுள்ளவர்கள் வருடா வருடம் வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அரக்கி, குளத்தைச் சட்டியளவு ஆக்கிவிட்டார்கள். நிலத்தில் நின்று பார்த்தால் எல்லா வேலியும் நேர்தான். ஆகவே முழுக் குளத்தையும் மேலிருந்து ஒரே நீளப் படமாக எடுத்து, வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்போவதாகச் சொன்னார் பியாட்றிஸ். பறக்கவிட அனுமதியும் எடுத்துவிட்டார். காகங்கள்தான் அனுமதி கொடுக்கவில்லை.

ட்ரோன் அந்தரத்தில் ஓரிடத்தில் நின்று, மெல்லத் திரும்பித் திரும்பி எடுக்கும் படங்களை ஒட்டினால்தான் நீளப் படம் வரும். பாதி திரும்புவதற்குள் காகங்கள் பாய்ந்து கொத்தின. ட்ரோன் குளக்கரைச் சேற்றில் விழுந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி எடுத்தார், விசிறி மாற்றினார், மறுபடி ஏற்றினார், மறுபடி விழுந்தது. விட்டுவிடச் சொன்னேன். "மழைக்கு முந்தி எடுத்துப்போடுவன்" என்றார். அதன் பிறகுதான் மதிலுக்குச் சோறு வந்தது. காகங்கள் கிணற்றடியில் பந்தியிருக்க, ட்ரோன் குளத்துக்கு மேலே நின்று நிதானமாக ஒரு சுற்றுத் திரும்பியது.

படம் சுவரேறியது. எல்லோரும் முதலில் தங்கள் கூரையைத் தேடினார்கள்; பிறகுதான் வேலிகள் கண்ணில் பட்டன. சீவரத்தினம் அண்ணையின் வேலி குளத்துக்குள் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. மனிதர் அசரவில்லை. அதைவிடப் பெரிய வயிறு ஒன்றில் விரலை வைத்து, "பிள்ளை, உது ஆரின்ரை வேலி?" என்றார்.

பியாட்றிஸ் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"என்ரை."

படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தோம். கழற்றவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது அவர் அலவாங்கால் தன் வேலியைக் கிளப்பிக்கொண்டு நின்றார். தகப்பன் நட்ட வேலிக் கதியால்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. அடுத்த வேலிக்கு மேலால் சீவரத்தினம் அண்ணையின் தலை தெரிந்தது, முகத்தில் சிரிப்பில்லை. சும்மா நிற்க என் வாய் விடாததால், சமயம் மாறிய கதை மெய்தானா என்று பியாட்றிஸிடமே கேட்டேன்.

"நான் ஒரு சமயமும் மாறேல்லை அண்ணை. காகம் கொத்தினால் ட்ரோன் விழும், அதுக்குத்தான் சோறு. உதிலை நிண்டு கதையாமல் இந்தக் கதியாலைப் பிடியுங்கோ."