எருசலேம் விழுந்த வருஷமும் என் அச்சுக்கடையும்

அச்சுக்கடை வைத்திருப்பவருக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருக்கக் கூடாது. இருந்தால் பாதி வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளும் எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்தான். வாயை மூடிக்கொண்டு நின்றாலும் வம்பு நம்மைத் தேடி வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் கடை பிரிக்பீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. டிசைன் என் வேலை. மெஷின் கஸ்தூரி அக்காவின் வேலை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா பேனர், நினைவு நாள் அட்டை எல்லாம் செய்வோம். கடைவீட்டு மாடிகளில் நடக்கும் சின்னச் சின்னத் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. அவர்கள் வேலையும் எங்களிடம்தான் வரும். நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவள். பைபிளில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு இடம், அதுவும் தொழிலால் வந்தது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை இடித்து யூதர்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனான். சபைக்காரர்கள் அதைச் சிறையிருப்பு என்பார்கள். அது எந்த வருஷம் நடந்தது என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.

சிறைக்கு முன்னால் விடுதலை

தேவசகாயம் அங்கிள் கிள்ளான்காரர். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் முன்கோபி. சாமுவேல் அங்கிள் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஆள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். இருவரும் வாலிப காலத்திலிருந்தே சிநேகிதர்கள். கிள்ளானில் ஒரு டயர் கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் சேர்ந்து வேத வகுப்பு நடத்தினார்கள். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் அடித்துக் கொடுக்கும் நீளமான காலக்கோட்டு பேனரைச் சுவரில் மாட்ட மாட்டார்கள், தரையில் விரிப்பார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு ராஜா. அவரவர் ஆண்ட வருஷங்களின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நிற்க வேண்டும். ராஜா மாறும்போது ஆளும் நகர வேண்டும்.

முதல் தடவை அவர்கள் எழுதிக் கொடுத்த வருஷங்களைப் பார்த்தேன். 605-இல் முதல் கூட்டம் சிறைபோனது, 587-இல் எருசலேம் விழுந்தது, 537-இல் யூதர்கள் திரும்பி வந்தார்கள். வயதானவர்கள், அவசரத்தில் தலைகீழாக எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, 537-இல் தொடங்கி ஏறுமுகமாக ஒழுங்காக அடுக்கிவிட்டேன். கிறிஸ்துவுக்கு முந்தைய வருஷங்கள் குறைந்துகொண்டே வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பெரிய உதவி செய்துவிட்ட திருப்தி வேறு. அச்சுக்கு முன் சரிபார்க்கக் கொடுத்த புரூப்பைப் பார்த்த சாமுவேல் அங்கிள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. தேவசகாயம் அங்கிள் அவர் முதுகில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "தேவி, நீ யூதர்களை முதல்ல விடுதலை பண்ணிட்டு அப்புறமா சிறையில போட்டிருக்கம்மா."

இல்லாத வருஷம்

இதற்குப் பிறகு நான் உஷாராகிவிட்டதாக நினைத்தேன். காஜாங்கிலிருந்து ஒரு பாஸ்டர் வந்தார். சிறையிருப்பில் தொடங்கி இன்றுவரை ஒரே கோடாக வேண்டும், சபை மேடைக்குப் பின்னால் மாட்டுவதற்கு என்றார். குறைந்துகொண்டே வந்து, பிறகு ஏற வேண்டும். அதுதான் எனக்குத் தெரியுமே என்று கச்சிதமாகச் செய்தேன். இறங்குவதும் ஏறுவதும் சந்திக்கும் இடத்தில் அழகுக்காக ஒரு பூஜ்யமும் போட்டேன். ஸ்கேலில் பூஜ்யம் இல்லாமல் எப்படி இருக்கும்?

கி.மு. ஒன்றுக்கு அடுத்தது நேராகக் கி.பி. ஒன்று, நடுவில் பூஜ்யம் என்று ஒரு வருஷமே கிடையாது என்பது அந்தப் பேனர் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. பாஸ்டர் கோபப்படவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் நின்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருக்கிறார், கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் எண்ணிப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டாளாம். பேனரைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "சிஸ்டர், நீங்க போட்ட ஒரு முட்டையால எங்க சபையே ஒரு வருஷம் லேட்டா ஓடுது லா."

ஆள் இல்லாத இருபது வருஷம்

சிரித்ததெல்லாம் இதோடு சரி. அடுத்த பேனருக்கு முன்பு தேவசகாயம் அங்கிளிடமிருந்து வாட்ஸப் வந்தது. போனில் யாரோ நடத்திய வகுப்பைக் கேட்டு அவர் மனம் மாறிவிட்டார். எருசலேம் எழுபது வருஷம் பாழாய்க் கிடக்கும் என்று வேதம் சொல்கிறது, திரும்பி வந்தது 537, எழுபதைக் கூட்டு, 607 வருகிறது, 587-ஐ எடுத்துவிட்டு அதைப் போடு, நேபுகாத்நேச்சாரையும் அவனுக்கு முந்தினதையும் இருபது வருஷம் பின்னால் தள்ளு என்றார். கடைசியாக யார் சொல்கிறாரோ அவர் சொன்னபடி போடுவதுதான் எங்கள் தொழிலின் தர்மம். போட்டேன். சாமுவேல் அங்கிளிடம் அவரே சொல்லியிருப்பார் என்றுதான் எண்ணினேன்.

புரூப் பார்க்க இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். வழக்கம்போலக் கடைத் தரையில் விரித்தோம். சாமுவேல் அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்து, ஒவ்வொரு பாபிலோன் ராஜாவாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். கோடு நீண்டிருந்தது, ராஜாக்கள் தீர்ந்துபோயிருந்தார்கள். நடுவே இருபது வருஷம் காலி. பாபிலோன்காரர்கள் ஒவ்வொரு ராஜாவும் எத்தனை வருஷம் ஆண்டான் என்று களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைக் கூட்டினால் 587-தான் வரும், எழுபது என்பது பாபிலோனின் ஆதிக்கத்துக்குச் சொன்ன கணக்கு என்று பாடம் நடத்துகிற குரலில் விளக்கினார். பிறகு அந்தக் காலி இடத்தைச் சிநேகிதருக்குக் காட்டி, "இங்க யாரை நிறுத்தப்போற, தேவா?" என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை பார்க்க வந்த ஒரு குடும்பம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் இல்லாதிருந்தால் தேவசகாயம் அங்கிளும் சிரித்திருப்பாரோ என்னவோ. முகம் சிவந்துபோய்ப் பேனரைத் தானே சுருட்டினார். வாசலில் நின்று சொன்னார்: "களிமண்ணை நம்புறவன் இனிமே என் கிளாஸுக்கு வர வேணாம்."

தையா, சித்திரையா

அன்று மூலையில் ஒரு கோயில் தலைவரும் தன் திருவிழா பேனருக்காகக் காத்திருந்தார். இருவரும் தனித்தனியே படியிறங்கிய பிறகு, என்ன தகராறு என்று விசாரித்தார். கிறிஸ்துவுக்கு முன் ஒரு ஊர் விழுந்த வருஷத்தைப் பற்றி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். "நம்ம ஆளுங்க புத்தாண்டு தையா சித்திரையான்னு வருஷாவருஷம் அடிச்சிக்கிறாங்க. இவங்க ரொம்பப் பழசுக்கு அடிச்சிக்கிறாங்க, அவ்வளவுதான் லா."

மாறிப்போன பேனர்

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கிள்ளானில் 607, சாமுவேல் அங்கிளின் வீட்டு ஹாலில் 587. இரண்டுக்கும் பேனர் நான்தான் அடித்தேன். வியாபாரம் கூடியது, எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஒருவர் காலையில் வந்தால் மற்றவர் மாலையில் வருவார். வந்தால் வேலையைக் கொடுத்துவிட்டு உடனே போகவும் மாட்டார்கள். சாமுவேல் அங்கிள், கிள்ளான்காரருக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது, படியேறி வருகிறாரா என்று விசாரிப்பார். தேவசகாயம் அங்கிள் அப்படிக் கேட்க மாட்டார். அந்த ஆள் இன்னும் 587-லேயேதான் உட்கார்ந்திருக்கிறாரா என்பார். அவர் பாணியில் அதுதான் நலம் விசாரிப்பு. இப்படியே இரண்டு கிறிஸ்துமஸ் போனது.

ஒருநாள் டெலிவரிக்காரர் பேனரை மாற்றிக் கொடுத்துவிட்டார். உருளைகள் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அவர்தான் என்ன செய்வார்? கிள்ளான் வகுப்பில் எல்லோர் முன்னாலும் 587 விரிந்தது. கஸ்தூரி அக்காவுக்கோ ஒரே குஷி. இதுதான் நல்ல சந்தர்ப்பம், ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பேசியே ஆகணும் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இருவரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தேவசகாயம் அங்கிள் காலையிலேயே கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் பேனரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கவுண்டர் மேல் வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்சம் விரித்து இன்னொரு தடவை பார்த்தார். "நல்லாத்தான் யோசிச்சுப் போட்டிருக்கான். வருஷம் மட்டும்தான் தப்பு."

கிறிஸ்துமஸ் முடியட்டும்

மூன்றாவது வருஷம் சாமுவேல் அங்கிள் படியேறி வந்தபோது அடையாளமே தெரியவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. பேனர் வேண்டாம், வகுப்பை நிறுத்திவிட்டேன் என்றார். மருத்துவமனைக்குப் போய் வருவதாகச் சொன்னாரே தவிர, என்ன நோய் என்று சொல்லவில்லை. பிறகு, கிள்ளானிலிருந்து ஆள் வந்தால் சொல்லிவிடு, வீடு தெரியும்தானே என்று சிரித்தார். வழக்கம்போல மூட்டு வலியையும் விசாரித்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஒரு வாடிக்கையாளரின் கதையை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று நமக்கெல்லாம் ஒரு விதி உண்டு. அன்று நான் அதைத் தூக்கிப் போட்டேன். தேவசகாயம் அங்கிளுக்கு உடனே போன் செய்து, அவர் ரொம்ப மெலிந்துவிட்டார், போய்ப் பாருங்கள் என்றேன். கிறிஸ்துமஸ் நாடகம், பாட்டு, அன்பின் விருந்து என்று தலைக்கு மேல் வேலை இருப்பதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் குரலைக் கேட்டால் மனிதர் பயந்துபோயிருப்பது தெரிந்தது. முதல் வார்த்தையை எப்படி எடுப்பது என்ற பயம். நானும் விடாமல் கேட்க, கடைசியில் சொன்னார்: "முடியட்டும்மா. புது வருஷத்துல முதல் வேலையா அவன் வீட்டுக்குத்தான் போறேன். போகாமலா இருப்பேன்?"

கடைசி வரிசை

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சாமுவேல் அங்கிளின் மகள் ரூத் வந்தாள். அடக்க ஆராதனைக்கு நிகழ்ச்சித் தாள் அடிக்க வேண்டும் என்றாள். மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்திவிட்டு அதை முடித்தோம். கஸ்தூரி அக்கா மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதார். தேவசகாயம் அங்கிளுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று ரூத்திடம் கேட்டேன். அப்பாவின் போனில் அந்த நம்பர்தான் முதலில் இருந்தது, அதனால் முதலில் அவருக்குத்தான் சொன்னேன் என்றாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் தேவசகாயம் அங்கிள் கடைக்கு வந்தார். எந்த வேலையும் கொண்டுவரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாராம். சாமுவேலின் வகுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல யாராவது வரலாம் என்று பாஸ்டர் கூப்பிட்டிருக்கிறார். அது ஆரம்பித்த நாளிலிருந்து தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் இவர் ஒருவர்தான். ரூத் திரும்பி இவரைப் பார்த்திருக்கிறாள். இவர் எழுந்திருக்கவே இல்லையாம். பாஸ்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாராம்.

கீழே சாப்பாட்டுக் கடையில் சொல்லித் தே தாரே டீ வரவழைத்தேன், அவர் தொடவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, கிள்ளான் வகுப்புக்குப் புதுப் பேனர் கேட்டிருந்தீர்களே அங்கிள், 607-தானே போட வேண்டும் என்று கேட்டுவிட்டேன். தொழில் புத்தி, வேறென்ன. அவர் கோபிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "ஒரு இருபது வருஷத்துக்காகச் சண்டை போட்டோம்மா. அதுல மூணு வருஷம் பேசாமலே போயிடுச்சு. அந்த இருபதை அவனே வச்சுக்கட்டும், எனக்கு இந்த மூணு வேணும்."

எருசலேம் எந்த வருஷம் விழுந்தது என்று இத்தனை பேனர் அடித்த பிறகும் எனக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரிந்திருந்த இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார், மற்றவருக்கு இப்போது அது தேவைப்படவில்லை.