குவைத்தில் பதினான்கு மாதம்

மூன்று நாட்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றிக் கேட்க ஒரு பிள்ளை வருவாள் என்று அல்பேர்ட் அண்ணை தேவாலய மண்டபத்தில் சொன்னபோதே பேர்பெச்சுவாவுக்குச் சந்தேகம் தட்டியது. ஜெர்மனியின் எசன் நகருக்குப் படிக்க வந்த இந்தியப் பிள்ளையாம். குவைத், கத்தார், துபாய் மூன்றிலும் மருத்துவம் எப்படி நடக்கிறது என்று ஒப்பிட்டு எழுதுகிறாளாம்.

"மூண்டிலும் இருந்த ஆள் எண்டால் இங்கை நீர் ஒராள்தானே" என்றார் அண்ணை, பெரிய உதவி செய்தவர் போல.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் வருகிறாள்? பத்து நாளைக்கு முன்னர்தான் தாதிப் பதிவு அலுவலகத்தின் கடிதம் வந்திருந்தது.

பேர்பெச்சுவா மன்னாரில் பிறந்தவள். கொழும்பில் தாதிப் படிப்பு முடித்து, வளைகுடாவில் ஒன்பது வருஷம் உழைத்து, டக்ளஸைக் கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வந்தாள். இங்கே முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை. ஊசி போடத் தெரிந்த கை, தட்டுக் கழுவிக்கொண்டிருந்தது. தன்னைத் தாதியாக ஏற்றுக்கொள்ளும்படி அந்த அலுவலகத்துக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் கொடுத்தாள். குவைத் கிளினிக்கில் பதினான்கு மாதம் வேலை செய்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது கடிதம்.

அப்படி ஒரு கிளினிக்கே இல்லை. தாதி வேலை என்று கூட்டிப்போன ஏஜென்ட், பணிப்பெண் விசாவில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டான். பக்கவாதத்தில் விழுந்த வீட்டுக்காரியை அவள் பார்த்தாள். மூக்குக் குழாயால் உணவு கொடுத்தாள், இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்தாள். பதினான்கு மாதத்தில் ஒரு படுக்கைப்புண் வரவிடவில்லை. படிவம் நிரப்பும்போது டக்ளஸ்தான், "கிளினிக் எண்டு போடு. ஆர் குவைத்துக்குப் போய்ப் பாக்கப்போறான்?" என்றான். போட்டாள்.

மாட்டேன் என்று சொன்னாலும் சந்தேகம் வரும். வரச் சொன்னாள்.

சனிக்கிழமை பின்னேரம் அந்தப் பிள்ளை ரோஹிணி வந்தாள். முதுகுப் பை, சிரித்த முகம். சிரித்த முகத்தோடு வந்த பரிசோதகர்களை பேர்பெச்சுவா நிறையப் பார்த்திருக்கிறாள்.

"தேங்க்ஸ்க்கா. சும்மா கேஷுவலா பேசலாம். ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமா?"

சும்மா பேச ரெக்கார்ட் எதற்கு? சரி என்று தலையாட்டினாள். போன் மேசையில் கிடந்தது, சிவப்புப் புள்ளியோடு. தேத்தண்ணியை அதற்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

கேள்விகள் தொடங்கியதும் அவளை அறியாமல் முதுகு நிமிர்ந்தது. கத்தாரிலும் துபாயிலும், ஆஸ்பத்திரியைச் சோதிக்கத் தரச்சான்றுக்காரர் வரும் மாதத்தில் தாதிமார் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சின்னப் புத்தகமும் தொங்கும். எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டும்.

"நோயாளியை இரண்டு விதத்தில் அடையாளம் காண்போம். எல்லா நோயாளரையும் சமமாக நடத்துவோம். குறை இருந்தால் மேற்பார்வையாளருக்கு அறிவிப்போம்."

கத்தாருக்கு அப்படிச் சொன்னாள். துபாய்க்கும் சொன்னாள். குவைத்துக்கும் சொன்னாள்.

ரோஹிணி பேனாவை வைத்தாள். "அக்கா, மூணு நாட்டுக்கும் கமா கூட மாறலையே. அப்புறம் நான் எதை கம்பேர் பண்றது?"

பேர்பெச்சுவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் பிழையாய்ப் போனது. சிரித்த வாய் கொஞ்சம் இளகியது. கத்தாரில் ஹெல்த் கார்டைக் காட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள் என்றாள். துபாயில் கம்பனி எடுத்துக் கொடுக்கும் காப்புறுதி அட்டையைப் பொறுத்துத்தான் டொக்டரின் முகமே மாறும் என்றாள்.

"குவைத்?"

"அங்கை நான் போன ஆஸ்பத்திரியிலை காலமை அந்த நாட்டுச் சனம். எங்களைப் போல ஆக்கள் பின்னேரம்தான். நாலு மணிக்கே போய் நிண்டாலும் ஏழு மணியாகும். ஒருக்கா காய்ச்சலோட நிண்டு மயங்கியே விழுந்தனான்."

"டியூட்டியிலயா?"

"இல்லை, வரிசையிலை..."

சொன்ன பிறகுதான் உறைத்தது: கிளினிக்கில் வேலை செய்தவள் காய்ச்சலுக்கு வேறு ஆஸ்பத்திரி வரிசையில் ஏன் நிற்கிறாள்? எட்டிப் போனைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"உம்மை ஆர் அனுப்பினது?"

"யாரும் அனுப்பலக்கா! என்னோட தீசிஸ்."

"அலுவலகத்திலை இருந்தோ? உண்மையைச் சொல்லும்."

ரோஹிணி பயந்துபோய்ப் பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினாள். பல்கலைக்கழக முத்திரை இருந்தது. பெயருக்குப் பதில் எண்தான் போடுவோம் என்று இருந்தது. கீழே, எந்த நாட்டில், எப்போதிலிருந்து எப்போது வரை, எங்கே வேலை என்று கட்டங்கள். அலுவலகப் படிவத்திலும் அச்சு அசலாக இதே கட்டங்கள்தான்.

"அக்கா, நீங்க அங்க நர்ஸா இருந்தீங்களா, இல்லையா?"

"இருந்தனான்" என்றாள் பேர்பெச்சுவா. குரல் உயர்ந்துவிட்டது. "ஆஸ்பத்திரியிலை இல்லை."

ரோஹிணி போனை எடுத்து, அவள் பார்க்கப் பதிவை அழித்தாள். "எங்கிட்ட மூணு நாட்டு ஆஸ்பத்திரி படுக்கை கணக்கும் இருக்கு. வீட்டுல படுத்திருக்கிறவங்க, அவங்கள பார்த்துக்கிறவங்க எந்த டேபிள்லயும் இல்ல. அதான் கேட்டேன்." படிவத்தை மேசையில் விட்டுவிட்டுப் போனாள்.

டக்ளஸ் வந்ததும் பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடச் சொன்னாள். ரோஹிணியின் படமும் பெயரும் இருந்தன.

"நல்ல பிள்ளைதான், விடு" என்றான்.

"படம் ஆரும் போடலாம்."

"இப்ப என்ன செய்யிறது எண்டுறாய்?"

அதையேதான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். இதுவரை இரண்டு பேருக்குத் தெரிந்தது, இப்போது மூன்று பேருக்கு. மூன்றாவது ஆளை நம்பலாமா என்று இனி ஒவ்வொரு கடிதம் வரும்போதும் நெஞ்சு இடிக்கும். அலுவலகத்தார் தாங்களாகக் கண்டுபிடித்தால் பொய்க்காரி என்று மற்ற ஏழு வருஷம் பத்து மாதமும் சேர்ந்து போகும். அவளாகச் சொன்னால் பதினான்கு மாதத்தோடு நின்றாலும் நிற்கும். நிற்காமலும் போகலாம்.

"பேப்பரை எடுங்கோ. நான் சொல்லச் சொல்ல டொச் பாஷையிலை எழுதுங்கோ."

கிளினிக் அல்ல, தனியார் வீடு. விசா, பணிப்பெண். செய்த வேலை, தாதி வேலை. குழாய் உணவையும் இரண்டு மணிக்கொரு புரட்டலையும் ஒன்றுவிடாமல் எழுத வைத்தாள். தன் பிழை என்று டக்ளஸ் ஒரு வரி சேர்க்கப் பார்த்தான். "அது தேவையில்லை, கையெழுத்து என்ரை" என்றாள்.

திங்கட்கிழமை கடிதத்தைத் தபாலில் சேர்த்து, பற்றுச்சீட்டை இரண்டு தரம் சரிபார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ரோஹிணிக்குப் போன் எடுத்தாள்.

"வாரும் பிள்ளை, குவைத்தைப் பற்றி மிச்சத்தைச் சொல்லுறன். ரெக்கார்டும் பண்ணலாம்."

"நிஜமாவாக்கா? எப்ப வரட்டும்?"

"சனிக்கிழமை. வரேக்கை உம்மடை மாணவர் அட்டையைக் கொண்டுவாரும். ஒருக்கா பாக்கோணும்."