வலியில்லாத மத்தியானம்

மலைமேல் இருக்கும் எங்கள் சுரங்க ஊரான பொத்தோசியின் சந்தையில் பசிலியா சோக்கே விற்பது ஆப்பி மட்டும்தான். ஊதா மக்காச்சோள மாவில் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சும் கஞ்சி அது. தொட்டுக்கொள்ள அப்பம் பொரித்துத் தருகிறவள் நான். கொதிக்கும் பானையைப் பசிலியா துணி பிடிக்காமல் இறக்குவாள். "அது கையா, இரும்புக் கரண்டியா?" என்று சுரங்கத்துக்குப் போகிறவர்கள் கேட்டால், "உன் மூஞ்சில வெச்சுப் பாக்குறியா?" என்பாள்.

அவள் மகள் நெல்வாவுக்கு அப்போது ஆறு வயது. இடது பாதம் பிறவியிலேயே உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. வெட்டிச் சரிசெய்யலாம் என்று டாக்டர்கள் சொல்லியும் பசிலியா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். எலும்பில் கத்தி பட்ட ஒரு குழந்தை அலறியதை ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டிருக்கிறாள். சுரங்கத்தில் புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

மயக்க மருந்து டாக்டர் அராந்தியாதான் அவளைச் சம்மதிக்க வைத்தார். "பாப்பா தூங்கினப்புறம் வால் எலும்புக்கிட்ட ஒரு ஊசி போடுவேன். முழிச்சாலும் கால் தூங்கிக்கிட்டே இருக்கும். சாயங்காலம் வரைக்கும் வலியே தெரியாது."

"பொய் சொன்னீங்க, என் பானையோட வந்து நிப்பேன்."

"வாங்க, எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க" என்றார் அவர்.

ஆபரேஷன் முடிந்து நெல்வா கண் திறந்தாள். இடது காலில் முட்டிவரை மாவுக்கட்டு. அழவில்லை. கொஞ்ச நேரத்தில் ரொட்டி கேட்டாள். பசிலியா என் கையைக் கிள்ளினாள். "சிரிக்கிறாடி! வெட்டியிருக்காங்க, இவ சிரிக்கிறா!"

கத்தி பட்ட உடம்பில் குளிர் ஏறிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த வார்டிலோ மூச்சு விட்டால் புகை வந்தது. பசிலியா சமையலறைக்குப் போய் ஒரு சோடா பாட்டிலில் வெந்நீர் பிடித்து வந்தாள். உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்தாள். கம்பளிச் சால்வையில் சுற்றினாள். இடது பக்கம் வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"இது தூங்குற காலு. சுட்டாக்கூட இதுக்குத் தெரியாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, வலது பாதத்தின் கீழே வைத்துப் போர்த்தினாள். "சுட்டா சொல்லுடி."

"சுடலம்மா."

ஜன்னலோரம் உட்கார்ந்து நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நெல்வா சுளையைத் தின்றாள். கதை கேட்டாள். பிறகு நர்ஸ் வந்து கால்விரல்களைப் பார்க்கப் போர்வையை விலக்கினாள்.

சால்வை நழுவிக் கிடந்தது. பாட்டில் குதிகாலில் நேராக ஒட்டியிருந்தது. தோல் வெளுத்து, ஓரத்தில் கொப்புளம் கட்டியிருந்தது.

"யாரு வெச்சது இத?"

"நல்ல காலுலதானே சிஸ்டர் வெச்சேன்! தூங்குற காலத் தொடவே இல்லயே!"

"ரெண்டு காலும்தாம்மா மரத்திருக்கு! அந்த ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ எதுவுமே தெரியாது!"

பசிலியா மகளின் முகத்தைப் பார்த்தாள். நெல்வா இன்னும் சுளையை மென்றுகொண்டிருந்தாள். "என்னம்மா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பசிலியா பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள்.

நர்ஸ் குழாய்த் தண்ணீரைக் குதிகாலில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஓடிவந்த அராந்தியாவின் முகம் வெளிறிப்போனது. "காலுன்னுதான் சொன்னேன். ரெண்டு காலும்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

"கால் போயிடுமா?" என்றாள் பசிலியா.

"சூடு எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு இப்போ தெரியாது. ஊசியோட வேகம் தணிஞ்சதும் தொட்டுப் பார்ப்போம். வலிச்சா நல்லது. வலிக்கலைன்னா தோல் அடியோட வெந்திருக்கலாம். வேற இடத்துத் தோலை எடுத்து வெச்சு ஒட்டணும்."

வலிக்காது என்பதற்காகவே சம்மதித்தவள் இப்போது மகள் கத்துவதற்காகக் காத்திருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் சுவரைவிட்டு இறங்கியபோது நெல்வாவின் கால்விரல்கள் அசைந்தன. முகம் சுருங்கியது. பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள்.

"அம்மா! தப்பான கால வெட்டிட்டாங்கம்மா!"

"எங்கடி வலிக்குது? எந்தக் காலு? சொல்லு, சொல்லு!"

"இந்தக் காலு! டாக்டர் இந்தக் கால வெட்டிட்டாரு!"

அராந்தியா கொப்புளத்தைச் சுற்றி நுனிவிரலால் தொட்டார். தொட்ட இடமெல்லாம் நெல்வா துள்ளினாள். "மேலாகத்தான். ஆறிடும்" என்றார்.

பசிலியா கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "டாக்டர் இல்ல தங்கம். அம்மா வெச்ச வெந்நீர்."

நெல்வாவின் அழுகை சட்டென நின்றது. "நீயா?"

நர்ஸ் வலி மருந்தைக் கரண்டியில் ஊற்றிப் பசிலியாவிடம் கொடுத்தாள். கரண்டி அருகே வந்ததும் நெல்வா பல்லை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசிலியா மறுபடி நீட்டிப் பார்த்தாள். அப்புறம் கரண்டியை என்னிடம் தந்தாள். நான் நீட்டியதும் பிள்ளை வாயைத் திறந்தாள்.