இறைச்சி போடாத கஞ்சி

எங்கள் தவக்காலமும் முஸ்லிம்களின் ரமழான் நோன்பும் சேர்ந்து வந்த வருடம். கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டு நஸீமா வெள்ளிக்கிழமை பின்னேரம் நோன்புக் கஞ்சி தந்தார். தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம். கஞ்சியில் எப்படியும் இறைச்சி இருக்கும் என்று, ருசிகூடப் பார்க்காமல் சிங்கில் ஊற்றிவிட்டேன்.

கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் புறப்படும்போது படியில் நஸீமா நின்றார்.

"கஞ்சி குடிச்சீங்களா? இன்டைக்கு ஒங்களுக்கு எறச்சி கூடாதுதானே. அதான் போடாமத் தனியாக் காய்ச்சின."

"ஓம், நல்லா இருந்தது" என்றேன்.

கோயிலில் பாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. பாதர் கேட்டார்: "வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் இருக்கிறீங்களா?"

"ஓம் பாதர். இறைச்சி வாயில வைக்கேல்லை."

அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதற்குத்தான் இன்றுவரை எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை.